பேரேட்டில் ஏறாத எண்

11 மார்ச் 2024

இரண்டு மாதமாக இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது. வாய்வு என்று பூண்டுப்பால் குடித்துக் காலம் தள்ளினேன். பருப்பு மில்லில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் நாற்காலியிலேயே தூங்கி விழ, முதலாளிதான் ரத்தப் பரிசோதனைக்கு விரட்டினார்.

வெள்ளை அணுக்கள் 1,46,000. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை. இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன், சுழியம் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "தம்பி, டைப் அடிக்கும்போது..." என்று ஆரம்பித்தேன். லேப் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

13 மார்ச்

விருதுநகரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் மதுரை. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, "மண்ணீரல் வீங்கியிருக்கு சார்" என்றார். கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் அவரே பார்த்தார். "எனக்கு ஒண்ணு தோணுது. ஆனா ஜீன் டெஸ்ட் வந்த பிறகுதான் பேர் சொல்வேன்." ஊதா மூடிக் குழாயில் ரத்தம், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை. மஜ்ஜை எடுத்தபோது வலித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

22 மார்ச்

பெயர் வந்துவிட்டது. க்ரானிக் மைலாய்ட் லுக்கேமியா. சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்.

டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்தார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் வால் நுனிகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு புது மரபணு. அது செய்கிற புரதம் அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி. 'பெருகு, பெருகு' என்று அணுக்களை விரட்டிக்கொண்டே இருக்கும். குட்டையாகிப்போன அந்த 22-ஆம் குரோமோசோமை 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் ஃபிலடெல்ஃபியாவில் கண்டுபிடித்தார்கள். இடம் மாறிய கதையை 1973-இல் கண்டது ஜேனட் ரௌலி என்ற அம்மாள். குரோமோசோம் படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துத்தான் பார்ப்பாராம். பிள்ளைகள் 'அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள்' என்று கேலி செய்வார்களாம். இதை ராத்திரி மகள் படித்துச் சொன்னாள். அன்றைக்குச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. பிசிஆர் என்ற மரபணுவை எண்ணுகிற முறைக்கும் பிசிஆர் என்றுதான் பெயர். இங்கிலீஷில் மரபணுவுக்கு B (BCR), முறைக்கு P (PCR). தமிழில் எழுதினால் என் நோயும் அதைப் பிடித்த கருவியும் ஒரே பெயர்.

23 மார்ச்

இமாடினிப், 400 மில்லிகிராம், தினம் ஒன்று. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து. அந்தச் சுவிட்சில் போய் அடைத்துக்கொள்கிற மாத்திரை. அந்தப் புது மரபணு என்ற அடையாளம் இருந்தால்தான் மருந்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அதே அடையாளம்.

அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்த மருந்து. இங்கே அதைத் தயாரித்த நோவார்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்; 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்தக் காலத்தில் அவர்கள் மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பேப்பரில் படித்ததாக நினைவு. அப்போது எனக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

4 மே

வெள்ளை அணுக்கள் 6,800. கனம் போய்விட்டது. மூன்று தோசை சாப்பிட்டேன். "இது மேலோட்டமான கணக்கு சார். ஜீன் கணக்கு ஜூன்ல பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. காதில் விழவில்லை.

26 ஜூன்

18.4 சதவீதம்.

ரத்தத்தில் அந்தப் பிசிஆர்-ஏபிஎல் எவ்வளவு மிச்சம் என்பதை, சிகிச்சைக்கு முந்தைய பொது நிலை ஒன்றை 100 என்று வைத்து உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் கணக்கிடுகிறார்கள். மூன்று மாதத்தில் 10-க்குள், ஆறு மாதத்தில் 1-க்குள், ஒரு வருஷத்தில் 0.1-க்குள் வரவேண்டும். டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை நாள் விட்டீங்க?"

பக்கத்தில் மனைவி. "விடவே இல்லைங்க, நான்தான் தண்ணி கொடுக்கிறேன்" என்றாள்.

விட்டிருந்தேன். கண் ரப்பை வீங்கி முகம் அடையாளம் தெரியாமல் போயிற்று. ராத்திரி கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். அக்கா மகள் கல்யாணம் வேறு; போட்டோவில் வீங்கிய முகத்தோடு நிற்க மனசில்லை. 6,800 வந்த பிறகு இனி என்ன என்று ஒரு எண்ணம். வாயில் போட்டுக்கொண்டு, அவள் திரும்பியதும் துப்பிவிடுவேன். பதினெட்டு இருபது நாள் இருக்கும். ஆடிட்டருக்கு முன்னால் கூட இப்படி மாட்டியதில்லை.

பஸ்ஸில் அவள் பேசவில்லை. திருமங்கலம் தாண்டித்தான், "பொட்டலத்துல கடலை இருக்கு, சாப்பிடுங்க" என்றாள்.

9 ஜூலை

மைத்துனி போனில் அழுகை. ஏதோ ஒரு லேப்பில் 'கேன்சர் பேக்கேஜ்' சலுகை விலை என்று எடுத்திருக்கிறாள். சிஏ-125 என்ற எண் 52, 35-க்குள் இருக்கவேண்டும். சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவே கட்டிவிட்டாள். ஸ்கேன் பார்த்ததில் எண்டோமெட்ரியோசிஸ்; கருப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியே வளர்வது, புற்றுநோய் இல்லை. கர்ப்பம், நார்க்கட்டி, மாதவிலக்கு எதிலும் ஏறக்கூடிய எண்ணாம் அது. புற்றுநோய் இருப்பவருக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க நல்ல எண். தொந்தரவே இல்லாதவளுக்கு எடுத்து நான்கு நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். என்னுடைய எண் அப்படியில்லை, அந்த ஒட்டுவேலைதான் நோயே. எல்லாவற்றையும் 'மார்க்கர்', அதாவது நோயின் அடையாளம், என்று ஒரே பையில் போட்டு விற்கிறார்கள். எனக்குக் கோபம்.

30 செப்டம்பர்

3.1. ஒரு மாத்திரையும் விடவில்லை. காலண்டரில் மனைவி பேனாவால் டிக் அடிக்கிறாள், நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகு. ஆனாலும் 1-க்குள் வரவில்லை. மரபணு மேலும் மாறி மாத்திரைக்கு இடம் கொடுக்காமல் போயிருக்கிறதா என்று தனியாக ஒரு பரிசோதனை. அப்படி மாறுவதில் டி315ஐ என்ற ஒன்று இருந்தால் இந்த மருந்து செல்லாது. எட்டு நாள் காத்திருந்தேன். இல்லை.

28 டிசம்பர்

அலைச்சல் மிச்சம் என்று பக்கத்து ஊர் லேப் ஒன்றில் கொடுத்தேன். 0.9 என்று வந்ததும் அல்வா வாங்கிவிட்டேன். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். அது உலக அளவுகோலுக்கு மாற்றாத எண். "அவங்க படி வேற, நம்ம படி வேற சார்." படியென்றால் எனக்குப் புரியும், பட்டணம் படியையும் மரக்காலையும் குழப்பிச் சண்டை போட்ட வியாபாரிகளைப் பார்த்தவன். பழைய லேப்பிலேயே மறுபடி ரத்தம். 0.8. அல்வா வீணாகவில்லை.

27 மார்ச் 2025

0.27. ஒரு வருஷம் ஆகிவிட்டது, 0.1 வரவில்லை. மருந்தை மாற்றலாமா என்று நானே கேட்டேன். "ஒரு எண்ணைப் பார்த்து மாத்த மாட்டேன். 18, 3, 0.8, 0.27. இறங்கிட்டே வருது. இன்னும் மூணு மாசம்." நான்கையும் அவர் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார்.

0.01-க்குக் கீழே போய் வருஷக்கணக்கில் அங்கேயே நின்றவர்களில் சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. அதையெல்லாம் நான் இப்போது கேட்கவில்லை.

30 ஜூன்

காலையில் ரத்தம் கொடுத்தேன். குழாய் சீக்கிரம் லேப் போய்ச் சேர வேண்டும், எண்ணவேண்டிய மரபணு நகலான ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்று இப்போது நானே அந்தப் பையனுக்கு ஞாபகப்படுத்துகிறேன். ரிப்போர்ட் பத்து நாளில்.

மில்லில் இருப்பு எடுக்கும் நாள். உளுந்து மூட்டையில் நான்கு குறைகிறது. எங்கே போயிற்று என்று நாளைக்குத்தான் பார்க்கவேண்டும். ராத்திரி சாப்பாடு, மாத்திரை, டம்ளர் தண்ணீர். வாயைத் திறந்து காட்டினேன். அவள் காலண்டர் பக்கம் போகாமல் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இன்றைக்கு டிக் நான் அடித்தேன்.