மீன்வள மசோதாவுக்கு எதிராக எங்கள் குப்பம் போட்ட தீர்மானம்

2021 ஜூலையில், இந்தியக் கடல்சார் மீன்வள மசோதா நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடருக்கு வருகிறது என்ற செய்தி எங்கள் குப்பத்தை எட்டியது. எங்கள் கைக்கு வந்த வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரியில் படித்தவள் என்பதால், அதை ஊருக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்த வரைவு சொன்னது இதுதான்: கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டி மீன் பிடிக்க ஒன்றிய அரசின் உரிமம் வேண்டும், அதற்கு 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி படகு பதிவாகியிருக்க வேண்டும், மீறினால் அபராதம். அரசமைப்பின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். 12 மைலுக்கு அப்பால் உள்ளது ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது இனம். ஆகவே ஒன்றியத்துக்கு அதிகாரமே இல்லை என்று நாங்கள் எழுத முடியாது. அந்த அதிகாரத்தைச் சிறு படகுக்காரன் தலையில் சுமத்தும் விதத்தைத்தான் எதிர்க்க முடியும். இதை ஊருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

கோயில் முன்பு கூட்டம் கூடியது. என் பெரியப்பா எழுந்து பேசினார்: “வலை விடும் இடம் ஒன்று, இழுத்து வாங்கும் இடம் ஒன்று. இரவெல்லாம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். விடியற்காலையில் வலை வாங்கும்போது நான் அந்த 12 மைல் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கு யார் சொல்வது?” ஃபைபர் படகில் நாலு பேர் போகிற ஊரில் இதைவிடத் தெளிவாக அந்த மசோதாவின் குறையை யாரும் சொல்லிவிட முடியாது. அவர் சொன்னதை அப்படியே தீர்மானத்தில் எழுதினேன்.

முதல் வரைவு “வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்ற ஒற்றை வரியில் நின்றது. பஞ்சாயத்தாருடன் வாதாடி, மூன்று கோரிக்கைகளாக மாற்றினோம்: பாரம்பரியப் படகுகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு, அபராதப் பிரிவுகள் நீக்கம், தமிழில் வரைவு தந்து கடலோர ஊர்களில் கருத்துக் கேட்பு. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. மீன் விற்கும் பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் கேட்டபோது சில முகங்கள் சுருங்கின. படகு நின்றால் கூடையும் நிற்கும் என்று என் அத்தை சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை.

மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். ஊர் பஞ்சாயத்துத் தீர்மானத்துக்குச் சட்டத் தகுதி கிடையாது என்றார்கள். அது உண்மைதான், ஆனால் நியாயமில்லை. ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராம சபை இருக்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் குப்பத்துக்கு அது இல்லை. அதே கடல், அதே தொழில், ஆனால் எங்களுக்கு அப்போது சபை இல்லை! எனவே மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் அதே தீர்மானத்தை நிறைவேற்றினோம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் படகின் பதிவு எண்ணை எழுதினோம். ஒன்றிய மீன்வள அமைச்சகத்துக்குப் பதிவுத் தபால், மாநில மீன்வளத் துறைக்கும் எங்கள் மக்களவை உறுப்பினருக்கும் நகல். ஒப்புகை அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதே மாதம் முதலமைச்சரும் மசோதாவை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கூட்டத்தொடரில் மசோதா அறிமுகமாகவில்லை. பல ஊர்களின் எதிர்ப்பில் எங்களுடையதும் ஒன்று, அவ்வளவுதான்.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களிலும், கிராம சபை போல மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. சாக்கடை, தெருவிளக்கு மட்டும்தான் அங்கே பேச வேண்டும் என்று உங்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பிழைப்பைத் தொடும் சட்டத்தைப் பற்றித் தீர்மானம் கேளுங்கள். பிரிவு எண்ணோடு எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லி, நகல் கேட்டு வாங்கிய பிறகே எழுந்திருங்கள்.