512 எப்படி 0 ஆனது

கொக்குவிலில் தெரிந்த ஒரு அண்ணையின் கடை. இரவில் அன்றைய பில்களை, பைல்களை ஒன்றாகக் கட்டுகிற டார் என்ற கருவியால் கட்டிப் பென்டிரைவில் போட, சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை ஓட்டுகிற ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பைல்), அது முடியும்போது 0 வந்தால் லொக்கில் ‘சரி’ என்று ஒரு வரி எழுதும். மாதக்கணக்காக ஒவ்வொரு இரவும் ‘சரி’. பிறகு ஒருநாள் அண்ணை போன் எடுத்தார்: “தம்பி, மாசிக்குப் பிறகு வந்த பைல் எல்லாம் சைஸ் 0 எண்டெல்லே காட்டுது?”

பென்டிரைவ் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். டாரில் பிழை இல்லை, இடம் இல்லை என்று சொல்லி 2 என்ற எக்ஸிட் கோடோடு (முடியும்போது புரோகிராம் விட்டுப்போகும் எண், 0 என்றால்தான் வெற்றி) ஒழுங்காக வெளியேறியிருக்கிறது. அந்த 2 ஐ விழுங்கியது என் கோட்.

என் புரோகிராம் ஃபோர்க்கால் தன்னையே பிரதியெடுத்து ஒரு பிள்ளையை உண்டாக்கும், பிள்ளை எக்ஸெக்கால் டாராக மாறும், தாய் வெயிட்பிஐடியால் அது முடியும்வரை காத்திருந்து ஸ்டேட்டஸ் என்ற எண்ணை வாங்கும், கடைசி வரி ‘ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்’. அந்தக் கடைசி வரிதான் வினை. வெயிட்பிஐடி தருகிற ஸ்டேட்டஸ் எக்ஸிட் கோட் இல்லை. லினக்ஸில் பிள்ளை தானாக வெளியேறினால் அதன் கோட் கீழ் 8 பிட்டுக்கு அடுத்த 8 பிட்டுக்குள் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், சிக்னலில், அதாவது ‘நிறுத்து’ போன்ற ஒரு அறிவிப்பு வந்து, செத்தால்தான் கீழ் 7 பிட்டில் சிக்னல் எண் இருக்கும். ஆக 2 என்பது 2 × 256, அதாவது 512 ஆக வருகிறது. அதை மெயினில் இருந்து அப்படியே திருப்பினால் ஷெல்லுக்குப் போய்ச் சேருவது கீழ் 8 பிட் மட்டும், 512 இன் கீழ் 8 பிட் 0. பிள்ளை 1 சொன்னாலும் 255 சொன்னாலும் வெளியே 0 தான்.

இதை டெஸ்ட் பண்ணாமலா விட்டேன்? பண்ணினேன். டார் ஓடிக்கொண்டிருக்கும்போது 9 ஆம் சிக்னலால் அதைக் கொன்று, ஸ்டேட்டஸ் 9, வெளியேயும் 9, லொக்கில் தோல்வி என்று விழுந்ததைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கொன்றால் மட்டும் தோல்வி தெரிகிற கோடை, கொன்றே சோதித்திருக்கிறேன்!

இப்போது முதலில் பிள்ளை தானாக வெளியேறியதா என்று டபிள்யூ-இஃப்-எக்ஸிட்டட் மேக்ரோவிடம் கேட்கிறேன்; ஆம் என்றால் மட்டும் டபிள்யூ-எக்ஸிட்-ஸ்டேட்டஸ் தரும் கோடைத் திருப்புகிறேன். இல்லாவிட்டால் சிக்னலில் செத்ததா என்று டபிள்யூ-இஃப்-சிக்னல்டிடம் கேட்டு, பிறகு டபிள்யூ-டேர்ம்-சிக் தரும் எண்ணோடு 128 ஐக் கூட்டித் திருப்புகிறேன், ஷெல்லும் அப்படித்தான் செய்யும், 137 என்று பார்த்தால் 9 ஆம் சிக்னல் என்று விளங்கிவிடும். வெயிட்பிஐடியே -1 தந்தால் ஸ்டேட்டஸைத் தொடவே கூடாது, அதற்குள் பழைய குப்பைதான் கிடக்கும். பிழையின் காரணத்தைச் சொல்லும் எர்நோவில் ஈ-இன்டர் (இடையில் ஒரு சிக்னல் வந்து குழப்பியது) என்றால் திரும்பக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் எக்ஸெக். அது திரும்பி வந்தாலே தோல்விதான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டால் பிள்ளை தாயின் மிச்சக் கோடை ஓட்டத் தொடங்கிவிடும், லொக்கில் எல்லாம் இரண்டு தரம் விழும். அந்த இடத்தில் பிழையை அச்சிடப் பெர்ரர், உடனே 127 உடன் அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட். சாதாரண எக்ஸிட் போட்டால், தாய் இன்னும் எழுதி முடிக்காத பஃபரை (எழுதக் காத்திருக்கும் எழுத்துகளை) பிள்ளையும் ஒரு தரம் கொட்டிவிட்டுப் போகும்.

இந்த முறை யாரையும் கொல்லவில்லை. டாரை /டெவ்/ஃபுல் மேல் எழுத விட்டேன், லினக்ஸில் எப்போதும் நிரம்பியே இருக்கிற ‘டிஸ்க்’ அது. 2 வந்தது. அண்ணைக்குப் புதுப் பென்டிரைவ் என் காசில்.