17 சென்ட்

17 சென்ட் வாங்கியிருக்கிறேன் என்றதும் மாமனார், "எங்கங்க மாப்ள, ஓமலூர் பக்கமா?" என்று கேட்டார். நிலமில்லை மாமா, வைரம் என்றேன். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு கேரட். அந்த ஒரு கேரட்டே 0.2 கிராம்தான். அப்படியானால் என்னுடைய 17 சென்ட் 0.034 கிராம். மூச்சு விட்டால் பறந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. சேதாரம், செய்கூலி எல்லாம் நாங்கள் அடுத்தவரிடம் பேசி வாங்குகிற சங்கதி. ஆகவே ஒரு மோதிரம் எடுப்பதில் என்ன வித்தை இருக்கப்போகிறது என்ற திமிரோடுதான் கிளம்பினேன். கல்யாணமான புதிதில் வைர மோதிரம் எடுத்துத் தருகிறேன் என்று வாயை விட்டிருந்தேன். பதினோரு வருஷம் கழித்து, சீட்டு எடுத்ததில் 30,000 ரூபாய் கையில் நின்றது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்துக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள். அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது. "ஆடியில போயா?" என்று அம்மா இழுத்தார். விலை இறங்கினால் எனக்கு ஆடியே தை.

முதல் கடை பெரிய கடை. ஜூஸ் கொடுத்தார்கள். பூ மாதிரி ஏழு கல் வைத்த மோதிரத்தை எடுத்து வைத்து, "21 சென்ட்டுங்க, தள்ளி நின்னு பாத்தா ஒரே கல்லு மாதிரி தெரியும்" என்றார் விற்பனைப் பையன். உண்மைதான், பளபளவென்று இருந்தது. மனைவி விரலிலிருந்து கழற்றவே இல்லை. 21 சென்ட் என்பது ஏழு கல்லும் சேர்ந்த எடை, ஒன்று 3 சென்ட்தான். பொடிக்கல்லுக்கு கேரட் விலை குறைவு, அதே எடையில் ஒற்றைக்கல் என்றால் விலை கூடிவிடும். போதாததற்கு, கல்லைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்தது பாதி வைரமே இல்லை. மிராக்கிள் பிளேட் என்று வெள்ளையாக ஒரு தகடு அடியில் வைக்கிறார்கள், அதன் மினுக்கும் வைரத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்கத்தான் நமக்குத் தெரிவதில்லை.

எடையில்தான் எனக்குச் சுருக்கென்றது. தங்கம் 1.940 கிராம் என்று எழுதியிருந்தார்கள். கல் எடை கழித்தா என்று கேட்டேன். "அதெல்லாம் சேத்துத்தாங்க அண்ணா" என்றான் பையன். பணமாகப் பார்த்தால் இருநூறு ரூபாய்ச் சில்லறை. ஆனால் ஒரே கல்லை வைர விலைக்கு ஒரு தடவை, தங்க விலைக்கு ஒரு தடவை விற்கிற கடையில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. உள்பக்கம் ஹால்மார்க்கும் இல்லை. 2 கிராமுக்குக் கீழே கட்டாயமில்லையாம், சட்டப்படி அது சரிதான். மனைவி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த விதத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த கடையில் லேப் வைரம் காட்டினார்கள், சுரங்கத்தில் எடுக்காமல் ஆய்வகத்தில் வளர்த்தது. 50 சென்ட் ஒற்றைக்கல், கல் மட்டும் 14,000. அதுவும் கார்பன்தான், வைரம்தான். சூட்டை வைத்துச் சோதிக்கிற டெஸ்டர் பேனா இரண்டையும் வைரம் என்றே காட்டும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. "நாளைக்கு ஒரு அவசரம்னா திருப்பி எடுப்பீங்களா?" என்று மனைவி கேட்டாள். தங்கத்துக்கு மட்டும் என்றார்கள். சுரங்க வைரத்தையும் யாரும் போட்ட விலைக்குத் திருப்பி எடுப்பதில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். அந்தக் கல் மேல் எனக்கு இன்னும் ஒரு கண் உண்டு.

மூன்றாவதாகப் போனது அக்ரஹாரத்தில் ஒரு சின்னக் கடை. ஜூஸ் இல்லை. பெரியவர் பெட்டியைத் திறந்து மடித்த காகிதப் பொட்டலங்களை எடுத்தார். உதிரிக்கல்லாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் பதித்துத் தருகிறேன் என்றார். "17-லயே நில்லுங்க. 18 சென்ட்ல கேரட் ரேட்டே வேற." ஒரு சென்ட் வித்தியாசம் கண்ணுக்கும் தெரியவில்லை. நிறத் தரத்தில் ஐ-ஜே போதும் என்றதும் அவர்தான். லேசான மஞ்சள், மஞ்சள் தங்கத்தில் உட்கார்ந்தால் தெரியாதாம். கடை விளக்கு எந்தக் கல்லையும் ஜொலிக்க வைக்கும் என்பதால் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தோம்.

காகபாதம், அதாவது காக்கைக் கால் மாதிரி தோஷக் குறி, இல்லாத கல்லாகப் பார் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எஸ்ஐ என்கிற சுத்தத் தரத்தில் ஏதாவது ஒரு புள்ளி இருக்கத்தான் செய்கிறது. ஒரு கல்லில் நட்ட நடுவில் கறுப்பாக. இன்னொன்றில் ஓரத்தில், வெளுப்பாக. இரண்டும் ஒரே விலை! ஓரத்துப் புள்ளியை எடுத்து, கல்லைப் பிடித்து நிறுத்துகிற கவ்வி அதன் மேலேயே வருகிற மாதிரி பதிக்கச் சொன்னோம். காகம் இப்போது கவ்விக்கு அடியில் இருக்கிறது.

பில் இப்படி வந்தது. மொத்த எடை 2.634, கல் போக 18 கேரட் தங்கம் 2.600 கிராம், கிராம் 5,300 வீதம் 13,780. கல், கேரட் 60,000 வீதம் 10,200. செய்கூலி 2,340. மூன்று சதவீத ஜிஎஸ்டி 789.60. ஆக 27,109.60. அறுபது பைசாவை விட்டுக்கொடுத்தார். உள்பக்கம் தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் 18கே750 முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் இருந்தன. ஹால்மார்க்கைச் சரிபார்க்கிற பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. அது தங்கத்துக்கு மட்டும்தான் சாட்சி. வைரத்தின் எடை, நிறம், தரம், திருப்பினால் எத்தனை சதவீதம் கழிவு, எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்கினேன். பெரியவர் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் எழுதினார்.

கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. சோப்பு போட்டுக் கழற்றினோம். ஒரு அரை சுற்று பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதானே, நாமே வெட்டி ஒட்டு வைத்து ஊதிவிடலாம் என்று பட்டறைக்கு எடுத்துப்போய் விளக்கைப் பற்றவைத்துவிட்டேன். பக்கத்துப் பட்டறை ஆசாரி ஓடிவந்து கையைப் பிடித்தார். "வைரமும் கரிதானப்பா! போராசிக் பொடி பூசாம தீ காட்டினீன்னா மேல பால் மாதிரி வெளுத்துக்கும்." மோதிரத்தை அவரே வாங்கிக்கொண்டு போய்ச் செய்து தந்தார். இருபது வருஷமாக வெள்ளி ஊதுகிறேன், இது எனக்குத் தெரியாது.

பெரிதாக்கின ஒரே மாதத்தில் கல் மங்கிவிட்டது என்று ஒருநாள் கலங்கிப்போய்க் காட்டினாள். வாங்கி லென்ஸில் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கை வைரம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடியில் இட்லி மாவு வேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் போட்டு, மகளின் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தேன். "வாசல்ல போய் பாரு" என்றேன். போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.