கடனுக்குச் சரக்கு கொடுக்கும் முன்

மசாலாப் பொடி தயாரித்து விற்பவள் என்ற முறையில், புதிதாகத் தொழில் தொடங்குவோரிடம் நான் முதலில் பேச விரும்புவது வசூலைப் பற்றித்தான். மிளகாயையும் மல்லியையும் மண்டியில் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். அரவைக் கூலியும் வேலையாட்களின் வாரச் சம்பளமும் காத்திருக்காது. கடைக்காரரோ, முந்தைய பில்லுக்கான பணத்தை அடுத்த சரக்கு இறங்கும்போதுதான் தருகிறார். ஐந்து கடை ஐம்பதாகும்போது விற்பனை பெருகும், ஆனால் கையில் பணம் இருக்காது. தரமான சரக்கு செய்தவர்கள்கூட இப்படித் தொழிலை மூடியதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் நமக்கு ஒரு பிடிமானம் தருகிறது. உத்யம் எனப்படும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாட்கள். தவறினால், ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தர அறிவிக்கும் வட்டி வீதமான வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதாந்திரக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் யாரும் சட்டம் பேசப் போவதில்லை, அது தேவையுமில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்புவோர் மட்டும் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சிட்டு, சரக்கு பெற்றதற்கான கையெழுத்தைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொண்டால், பணம் இழுபறியாகும்போது மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடுவது எளிதாகும்.