சிமுலேஷன் செய்முறைப் பரீட்சை: வளையிகளைப் பிரித்து அடுக்குங்கோ

இலத்திரனியல் செய்முறைப் பெறுபேறு வந்துவிட்டது. சுற்றைப் பிழையில்லாமல் கீறி, ரன் பண்ணி, சரியான விடையும் எடுத்த பலருக்கு வரைபுப் பகுதியில் புள்ளி வெட்டுப்பட்டிருக்கிறது. மனம் நோகத்தான் செய்யும். ஆனால் அந்த வரைபுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், ஆறேழு வளையி ஒரே பெட்டிக்குள் குழம்பிக் கிடக்கிறது. எது எந்தக் கப்பாசிற்றருக்கு உரியது என்று கீறினவருக்கே சொல்லேலாது. அடுத்த முறை எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கணினியில் சுற்றைக் கீறி ஓட்டிப் பார்க்கிற எல்டிஸ்பைஸ் (LTspice) மென்பொருளில் கை பழகினவர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதேயுங்கோ: ஸ்ரெப் போட்ட சிமுலேஷனில், அதாவது ஒரு பெறுமானத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறபோது, ஒரு பிளொட் பேனுக்குள் (வரைபுப் பெட்டிக்குள்) ஒரே ஒரு சமிக்ஞைதான் இருக்க வேண்டும். பேனில் ஒரு சமிக்ஞை மட்டும் இருந்தால் ஒவ்வொரு ஸ்ரெப்புக்கும் தனி நிறம் கிடைக்கும். இரண்டாவதைப் போட்ட உடனே நிறம் சமிக்ஞைப்படி மாறிவிடும். ஒரே சமிக்ஞையின் எல்லா ஸ்ரெப்பும் ஒரே நிறமாகிவிடும். குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமாக வருகிற பிரிட்ஜ் ரெக்டிஃபயரையே, ஏசியை டிசியாக்குகிற நாலு டயோட் சுற்றையே, எடுப்போம். 12 வோல்ற் ஆர்எம்எஸ், 50 ஹேர்ட்ஸ், லோட் 100 ஓம், கப்பாசிற்றர் 470, 1000, 2200 மைக்ரோபரட் என மூன்று ஸ்ரெப். சைன் சோர்ஸில் 12 என்று அடித்தால் பிழை. அது உச்சப் பெறுமானத்தைக் கேட்கிறது, 17 போட வேண்டும். இரண்டு டயோட் வீழ்ச்சி கழிய வெளியீட்டு உச்சம் ஏறத்தாழ 15.5 வோல்ற், கறன்ற் 0.155 அம்பியர். முழு அலைச் சீராக்கம் என்பதால் 10 மில்லிசெக்கனுக்கு ஒருக்கால் ஏற்றம். கறன்றை நேரத்தால் பெருக்கிக் கப்பாசிற்றர் பெறுமானத்தால் பிரித்தால், றிப்பிள் (வெளியீட்டின் ஏற்ற இறக்கம்) முறையே 3.3, 1.55, 0.7 வோல்ற் அளவில் வரும். சிமுலேஷனில் இதைவிடக் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். கப்பாசிற்றர் முழு 10 மில்லிசெக்கனும் இறங்குவதில்லை, இறங்க இறங்க லோட் கறன்ற்றும் குறைகிறது. இந்த மூன்று எண்ணையும் தாளின் ஓரத்தில் முதலே எழுதி வையுங்கோ.

இனி அடுக்குகிற விதம். வரைபுக்குள் வலது கிளிக் பண்ணி இரண்டு பேன் கூட்டுங்கோ, மொத்தம் மூன்று.

மேல் பேன், உள்ளீடு. பிரிட்ஜின் எதிர் (மைனஸ்) முனையில்தான் கிரவுண்ட் இருக்கிறது, ஆகவே ஏசி பக்க வயர் ஒன்றை மட்டும் தொட்டால் முழுச் சைன் அலை வராது, ஒரு பாதி வெட்டுப்பட்டது போலத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுச் சுற்றைக் கலைத்தவர்கள் இருக்கிறார்கள். சுற்றில் பிழையில்லை. ஒரு வயரில் அழுத்திப் பிடித்து, மற்ற வயர் வரை இழுத்து விடுங்கோ, வித்தியாசம் வரும். மூன்று ஸ்ரெப்பிலும் உள்ளீடு ஒன்றேதான், ஒன்றின் மேல் ஒன்று படியும். பேனின் மேலே உள்ள வளையிப் பெயரில் வலது கிளிக் பண்ணி, கடைசியில் அற் குறியும் 1 உம் (@1) சேர்த்தால் முதல் ஸ்ரெப் மட்டும் நிற்கும்.

நடுப் பேன், வெளியீட்டு வோல்ற்றேச், மூன்று நிறத்தில். இடது அச்சில் கிளிக் பண்ணி எல்லையை 11 முதல் 16 வரை நீங்களே கொடுங்கோ.

கீழ்ப் பேன், ஒரு டயோட்டின் கறன்ற். இதை நடுப் பேனுக்குள் போட்டால் வலது பக்கம் புது அச்சு முளைத்து, ஆறு வளையியும் இரண்டே நிறத்தில் நிற்கும். தவறிப் போட்டுவிட்டால் அழிக்க வேண்டாம், பெயரைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். கொன்ட்ரோல் விசையோடு இழுத்தால் பிரதி விழும்.

பிழைக்கிற இடங்கள்:
- ஒரே வயரில் இரண்டு முறை கிளிக் பட்டால் அந்தப் பேனின் மற்ற வளையிகள் எல்லாம் போய்விடும். பதற்றத்தில் கை இதைத்தான் செய்யும். உடனே அன்டூ.
- வயருக்கு நீங்களே பெயர் கொடுக்கிற நெற் லேபல் வைக்காமல் ரன் பண்ணாதேயுங்கோ. தானாக வருகிற இலக்கப் பெயர்கள் ஒரு வயர் கூட்டினாலே மாறும், சேமித்த வரைபு வேறு புள்ளியைக் காட்டும்.
- பெறுமானத்தில் பெரிய எம் (M) போட்டாலும் மில்லிதான். மெகா என்றால் மெக் (Meg) என்று மூன்று எழுத்தும் வேண்டும்.
- அடுக்கி முடித்த உடனே பிளொட் செற்றிங்கைச் சேமியுங்கோ. சுற்றின் பெயரையே அதற்கும் வையுங்கோ, திரும்ப ரன் பண்ணினாலும் அடுக்குக் குலையாது.

அளவு எடுக்கும்போது பெயரில் கிளிக் பண்ணினால் கேர்சர் வரும். மேல், கீழ் அம்பு விசைகளால் ஸ்ரெப்புக்கு ஸ்ரெப் தாவலாம். கேர்சரில் வலது கிளிக் பண்ணினால் எந்தக் கப்பாசிற்றர் என்று சொல்லும். கண்ணால் வாசிப்பதைவிட மெஷர் (.meas) கட்டளையில் உச்சத்துக்கு உச்சம் (PP) கேட்பது திறம். மூன்று விடையும் லொக் கோப்பில் வரிசையாகக் கிடக்கும். தொடக்க ஏற்றத்தை விட்டு, 100 மில்லிசெக்கனுக்குப் பிறகு நான்கு றிப்பிளாவது உள்ளே வர எல்லை கொடுங்கோ.

அறிக்கைக்குப் பின்னணியை வெள்ளையாக்கி, கோட்டைத் தடிப்பாக்குங்கோ. யாழ் பல்கலைக்கழகத்தடிப் பரமேஸ்வராச் சந்திப் பக்கம் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் நிறப் பிரிவு அழிந்துவிடும், அதனால் வரைபுக்குள்ளேயே ஒவ்வொரு வளையிக்கும் பக்கத்தில் 470, 1000, 2200 என்று எழுத்து வைத்த பிறகு பிரிண்ட் கொடுங்கோ.