கேஸில் எரியும் 'தை'

பெங்களூரில் பொங்கல் விழா மேடைக்கு எல்.இ.டி. அலுத்துப்போய், தீயில் எரிகிற எழுத்து வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது "தீ எவ்வளவு உயரம் எழும்?" என்றுதான். கேள்வியே தலைகீழ். சுடர் குட்டையாக இருந்தால்தான் எழுத்து தெரியும். ஒன்றரை அடிக்கு எழுப்பினால் தூரத்தில் நிற்பவருக்குச் சொக்கப்பனைதான் தெரியும்.

நாலடி எழுத்துக்கு 10 செ.மீ. சுடர் போதும். அப்படி ஒரு சுடர் மணிக்குச் சுமார் 24 கிராம் கேஸ் எடுக்கும். 'பொங்கல்' என்று முழுசாக எழுதினால் கேஸ் செலவு ஒருபக்கம், இரண்டு புள்ளிக்கும் தனிக் குழாய் இழுக்கும் பாடு இன்னொரு பக்கம். 'தை' போதும்: ஏறக்குறைய 150 துளை, மணிக்கு 3.6 கிலோ. ஐகாரக் கொம்பின் சுழிதான் தொல்லை. உள்வட்டம் ஒரு அடிக்குக் குறைந்தால் சுடரே அதை அடைத்துவிடும். கம்ப்யூட்டர் எழுத்தை அப்படியே பெரிதாக்காமல், சுழியை அகலத் திறந்து தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள்.

குழாய்க்கு, ஏசி வேலையில் போடும் அரை இஞ்ச் மென்செம்புச் சுருள். ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடலாம். குழாய் வளைக்கும் ஸ்பிரிங் மாட்டினால் கையாலேயே வளையும். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இணைப்பு எல்லாம் வெள்ளி பிரேசிங்தான், அதாவது வெள்ளிக் கலவைக் கம்பியை உருக்கி ஒட்டுவது. அடுப்பு ரிப்பேர்காரரைவிட நல்ல ஏசி மெக்கானிக்கே இதற்குச் சரியான ஆள். ஒவ்வொரு எழுத்துக்கும் கேஸ் நடுவில் நுழைய வேண்டும். ஒரு முனையில் கொடுத்தால் மறுமுனைச் சுடர் சோம்பும். எழுத்துக்கு ஒரு நீடில் வால்வு, கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்க. அடுப்பில் இருப்பதுபோல் காற்று கலக்கும் அமைப்பு கூடாது; நீலச் சுடர் இரவில் எடுபடாது.

துளை போடுவதற்கு முன்பே முனைகளை அடைத்து, காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஒழுக்குப் பார்த்துவிடுங்கள். துளை போட்டபின் அந்தச் சோதனைக்கு வழியில்லை. பிறகு 0.8 மி.மீ. டிரில் பிட். பட்பட்டென்று உடையும், குறைந்தது பத்து வாங்கி வையுங்கள். அவ்வளவு சின்னத் துளை வழியாகத் தீ உள்ளே இறங்காது என்பது கூடுதல் லாபம். படுக்கைக் கோட்டில் 4 செ.மீ.க்கு ஒரு துளை, மேல்பக்கமாக. செங்குத்துக் கோட்டில் 7 அல்லது 8 செ.மீ.க்கு ஒன்று, முன்பக்கமாக. கீழ்ச் சுடரே மேலேறி இடைவெளியை நிரப்பிவிடும். கடைசியில் குழாய் முனையின் மூடியைக் கழற்றிக் கம்ப்ரஸரால் ஊதினால் செம்புத் தூள் வந்துவிடும். பிசிறு நின்ற துளையில் சுடர் கோணலாகப் போகும்.

பலரும் விழிப்பது இங்கேதான்: எல்லாத் துளையும் ஒரே அளவு, ஆனால் கீழே சுடர் கொழுத்து, மேலே மெலிந்து எரியும். வால்வைத் திருகிப் பயனில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். நாலடிக் குழாய்க்குள் நிற்கும் கேஸின் எடையே அடியில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுடருக்குத் தேவையான மொத்த அழுத்தமே ஏழெட்டு மில்லிமீட்டர்தான். 1 மி.மீ. துளை போட்டால் அது மூன்று மில்லிமீட்டராகக் குறைந்து, வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சின்னத் துளைக்கு இதுவே முக்கியக் காரணம். அப்படியும் பிசகினால் கீழ்ப்பகுதியில் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

ஆங்கிள் சட்டத்திலிருந்து குழாய் 10 செ.மீ. முன்னால் நிற்கட்டும். கிளாம்பை இறுக்காதீர்கள், சூட்டில் செம்பு நீளும். பின்னால் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவது தற்கொலை.

19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்றிலிருந்து மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் வெளியே பனி பூத்து அழுத்தம் படுத்துவிடும். ஜனவரி இரவில் இன்னும் சீக்கிரம். ஆகவே நான்கு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது ஒரே பொதுக் குழாயில், சேருங்கள். மொத்தம் 76 கிலோ. 100 கிலோவைத் தாண்டினால் சேமிப்புக்கு லைசென்ஸ் வேண்டும். வீட்டு சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டவிரோதம். நிமிர்த்தியே வையுங்கள், சாய்த்தால் திரவமே குழாய்க்கு வந்துவிடும். பக்கத்தில் சாக்கடை, பள்ளம் கூடாது. தீயணைப்புத் துறையிடமும் போலீசிடமும் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நீளக் கம்பியில் பந்தத்தை முதலில் குழாயருகே பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் வால்வு. மாறிச் செய்தால் தரையில் தேங்கிய கேஸ் ஒரே வீச்சில் பிடிக்கும். எரிகிற நேரம் முழுக்க மெயின் வால்வருகே ஒருவர் நிற்க வேண்டும், செல்ஃபி எடுக்காதவராக. காற்றில் ஒரு எழுத்து அணைந்தால் அங்கே ஓடிப்போய்ப் பற்றவைக்காமல் முதலில் மூட வேண்டும். ஒழுகும் இடத்தில் தீப்பிடித்தாலும் அப்படித்தான்: கேஸை நிறுத்தாமல் பவுடர் அடித்து அணைத்தால் கேஸ் கண்ணுக்குத் தெரியாமல் பரவும்.

முடிக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீரட்டும். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதானால் துளைகள் மேல் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் குளவி மண் வைத்து அடைத்துவிடும்.