டர்பன் நகராட்சிக்கு ஒரு சுவர்ச்சுருள்: இதுவரை ஆன வேலை

சங்க மண்டபத்துச் சுவரில் மாட்டுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சி வரலாற்றை ஒரே நீளத் தாளில் வரைந்து வருகிறேன். பழுப்புத் தாள் சுருள். பத்து ஆண்டுக்கு ஒரு சாண். டர்பன் நகராட்சியான 1854இல் தொடங்கி, அதன் இடத்தில் எத்தெக்வினி மாநகராட்சி வந்த 2000இல் முடித்தால் ஏறக்குறையப் பதினைந்து சாண் வருகிறது.

முதல் மேயர் ஜார்ஜ் கேட்டோ தொடங்கி மேயர் பட்டியல் முழுவதற்கும் மேல் விளிம்பில் இரண்டு விரற்கடைதான் ஒதுக்கினேன். வரி கட்டியது யார், ஓட்டுப் போட்டது யார், தெருவைப் பெருக்கியது யார்? எனக்கு நகராட்சி என்றால் இதுதான். வரிக்கு நீலக் கோடு, ஓட்டுக்குச் சிவப்பு, வேலைக்குக் கறுப்பு.

கறுப்பு எளிதாக வந்தது. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பலில் வந்த முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளுக்குப் பிறகு கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த பலர் நகரத்துக்கு நகர்ந்தார்கள். கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மேகசின் பேரக்ஸ் என்ற குடியிருப்பு. நெருக்கியடித்த அந்த வரிசை வீடுகளில் பெரும்பாலும் நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள்தான். குப்பை, சாக்கடை, சாலை எல்லாம் அவர்கள் கையில். 1960களில் வீடுகளை இடித்துச் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பும்வரை கோடு தடிமனாகவே ஓடுகிறது.

சிவப்புதான் படுத்தியது. 1896 சட்டம், டர்பன் அமைந்த நேட்டாலின் சட்டசபைக்கு இந்தியர்கள் ஓட்டுப் போடுவதை அடைத்தது. நகராட்சி ஓட்டு, சொத்துள்ள சிலருக்கு மிஞ்சியது. அடுத்த ஆண்டே வியாபார லைசென்ஸ் சட்டம். கவுன்சில் வைத்த அதிகாரி லைசென்ஸ் மறுத்தால் அந்தக் கவுன்சிலிடமே முறையிட வேண்டும், உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியாது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் வேலை. சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு வரைந்திருக்கிறேன்.

1924 மாகாண ஆணை இந்தியர்களின் நகராட்சி ஓட்டையும் எடுத்தது. அங்கே சிவப்பை வெட்டிவிட மனம் வரவில்லை, ஏனென்றால் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தவர்களை விட்டுவைத்தார்கள். புதிதாக யாரும் சேர முடியாது. அதனால் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகக் காலமாகக் கோடும் தேய்வதாகத் தீற்றினேன். மஞ்சள் கலந்த பழுப்பில் சிவப்பு தேய்ந்தால் செங்கல் நிறமாகிறது. பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது.

அடுத்த சாணில் 1932. டர்பன் எல்லையை விரித்து, இந்தியர்கள் நிறைய வாழ்ந்த புறநகர்களை உள்ளே சேர்த்த ஆண்டு. நீலக் கோடு திடீரென்று இரு மடங்கு பருக்கிறது. அதற்கு நேர் கீழே சிவப்பு மயிரிழை. சுருளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

1960களிலிருந்து, இந்தியர் பகுதிகளுக்கென அமைத்த உள்ளூர் விவகாரக் குழுக்களுக்குப் புள்ளிக் கோடு. ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்கும் அதிகாரம் கவுன்சிலிடம். 1996 ஜூன் 26, எல்லாருக்கும் ஓட்டுள்ள உள்ளாட்சித் தேர்தல். அங்கே சிவப்பை அழுத்திப் போட்டுவிட்டேன்.

மிச்சம் 1980கள். அந்தக் குழுத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னவர்களின் பிள்ளைகளும் போட்டியிட்டவர்களின் பிள்ளைகளும் இதே மண்டபத்துக்குத்தான் கல்யாணச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். இரண்டு பக்கத்தையும் எழுதத்தான் போகிறேன். எழுத்தைக் கொஞ்சம் பொடியாக்கினால் தப்பிப்பேன்.